மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறார்

மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே
சக்கரம் வைத்த முக்காலி ஒன்று.
ஹமமாட்சு நகர மருத்துவமனையில்
அதுதான் என் இடம்.

காலையிலிருந்து எனக்கு
இரண்டு முறை மூலம்,
ஒரு கருச்சிதைவு,
வலது காதில் ஓயாத இரைச்சல்.
தொழில் விதி அப்படி.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது,
நான் என்றே சொல்ல வேண்டும்.
நான் நேற்று ரத்தமாக வாந்தியெடுத்தேன்.
நான் பயப்படவில்லை, டாக்டர்.

கழுத்தில் தொங்கும் அட்டையில் ஹிகா மார்லி.
குடும்பப் பெயரையும் கோண எழுத்தில்தான் அடித்திருக்கிறார்கள்,
வெளியூர்ச் சரக்குக்கு ஒதுக்கிய எழுத்தில்:
ரொட்டி, பியர், கண்ணாடி, நான்.
கொள்ளுத்தாத்தா ஒகினாவாவில் கப்பலேறியபோது
அதே பெயருக்குச் சித்திர எழுத்து இரண்டு இருந்தன.
சான்டோஸ் துறைமுகத்தில் அவை இறங்கவில்லை போலும்.

லோன்ட்ரீனாவில் பள்ளிக்கூடமே என்னை
ஜப்பான்காரி என்றது. நம்பினேன்.
பதினெட்டு வயதில் நரிட்டாவில் வந்து இறங்கியபோது
வெளிநாட்டவர் வரிசையைக் கை காட்டினார்கள்.
இருபத்தாறு வருடமாகிறது,
வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது.

இன்று பதினொன்றே காலுக்கு
ஒஸ்வால்டோ கனாஷிரோ, எழுபத்தொன்று,
மோட்டார் சைக்கிளுக்கு சைலன்சர் பற்றவைத்தவர்.
கணையத்தில் ஒரு நிழல்.
டாக்டர் இஷிமொரி பேனாவை மூடினார், திறந்தார்.
அவர் பேச்சில் எழுவாய் கிடையாது.
ஆறு மாதம் இருக்கலாம் என்றார்,
யாருக்கு என்று சொல்லவில்லை.
போர்த்துகீசில் அது நடக்காது,
வினைச்சொல்லின் வாலில் ஆளைக் கட்டியாக வேண்டும்.
கட்டினேன்.

ஒஸ்வால்டோ மடியில் தொப்பியைச்
சுற்றிக்கொண்டே இருந்தார்.
பிறகு, "திரும்பிப் போகணும்" என்றார்.

நான் தயங்கவே இல்லை.
"நான் பிரேசிலுக்குத் திரும்பிப் போக வேண்டும்"
என்றேன் ஜப்பானியத்தில், அவருடைய நானாக.
தொண்டையில் செம்மண் ஏறியிருந்தது.
காப்பித் தோட்டம்கூட வந்துவிட்டது, வரிசை வரிசையாக.
நான் ஒருநாளும் காப்பி பறித்தவள் இல்லை.
அம்மா வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை.

டாக்டர் பரபரப்பானார்.
இரண்டு விமானம், ஒன்றரை நாள், ஆக்சிஜன்,
விமான நிறுவனத்துக்குக் கடிதம்,
பிரேசிலில் மருத்துவர் யாராவது, பிரேசிலில் உறவினர்...
மூன்றாவது முறை அந்தச் சொல் விழுந்தபோது
ஒஸ்வால்டோ நிமிர்ந்தார்.
அது ஒன்று அவருக்கு எந்த மொழியிலும் விளங்கும்.

"பிரேசிலா? எதுக்கும்மா?
அங்க எனக்கு யாரு இருக்கா?
வீட்டுக்குன்னு சொன்னேன்.
அஞ்சாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதையும் சொல்லு.
நாளைக்கு எரிகுப்பை நாள்.
காக்கா கிளறாம வலை விரிக்கிற முறை
இந்த மாசம் என்னுது.
ஏழரைக்குள்ள விரிக்கலேன்னா
கீழ்வீட்டு மத்சுனாகா அம்மா நோட்டீஸ் ஒட்டிடுவாங்க."

கையேட்டில் இதற்கும் ஒரு பக்கம் உண்டு.
தவறினால்,
'மொழிபெயர்ப்பாளர் திருத்துகிறார்' என்று சொல்லித்
திருத்த வேண்டும்.
சொன்னேன்.
காலையிலிருந்து அந்த அறையில்
என்னைப் பற்றி நான் சொன்ன முதல் வாக்கியம்.
அதுவும் படர்க்கையில்.

பிரேசில் என்றது நோயாளி அல்ல.

டாக்டர் அப்போதுதான் என்னைப் பார்த்தார்,
பிறகு அட்டையை.
"உங்கள் ஜப்பானியம் ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார்.
நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது.

வாசல்வரை ஒஸ்வால்டோவுடன் நடந்தேன்.
காய்ந்த காற்று, குளிர்காலத்துக் காற்று,
அவர் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
"உங்க பக்கம் குப்பை என்னிக்கு?" என்றார்.
யோசித்துப் பார்த்தேன்.
"தெரியல. பொண்ணுதான் போடுவா."
"ம்" என்றார்.
கொஞ்ச தூரம் போய்த் திரும்பி,
கேட்டு வெச்சுக்கோ என்பதுபோல் கையை ஆட்டினார்,
அல்லது போய் வருகிறேன் என்பதுபோல்.

பன்னிரண்டு மணிக்கு
எனக்குச் சர்க்கரை.